துணி கழுவிய தண்ணீர்

பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி சட்டையாகிக் கடைக்கு வரும் வழியில் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவு சேதம் செய்வதில்லை. நூற்பாலையும் தறியும் மின்சாரத்தைத் தின்கின்றன, தூசும் இரைச்சலும் தருகின்றன. ஆறும் கிணறும் கெடுவது துணி தண்ணீரில் இறங்கிய பிறகுதான். கஞ்சி எடுப்பது, வெளுப்பது, சாயம் ஏற்றுவது, அலசுவது ஆகிய வேலைகளே அதற்குக் காரணம். ஜவுளித் தொழிலின் மாசைக் குறைக்கும் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தத் தொட்டித் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது.

வடசென்னைக்கு இந்த வேலை புதிதல்ல. இன்று எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்குப் பேர்போன வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களால்தான். தறியிலிருந்து இறங்கும் பருத்தித் துணி பழுப்பாக இருக்கும். சாணமும் உவர்மண்ணும் கரைத்த நீரில் அதை ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து, வெயிலில் விரித்து, காயக் காய மறுபடி நனைத்து வெள்ளையாக்க நாள் கணக்கில் ஆகும். அதற்குத் திறந்த வெளி வேண்டும், உப்பில்லாத தண்ணீர் வேண்டும். இரண்டும் அங்கே இருந்தன. 1772-ல் கோட்டைக்குக் குடிநீர் எடுக்க ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்த ஏழுகிணறும் அதே பக்கம்தான். இன்னும் வடக்கே, திருவொற்றியூரில், 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் காலெட் பேட்டை. மக்கள் வாயில் அது காலடிப்பேட்டை ஆயிற்று.

அந்தக் காலச் சிவப்புக்கு மூலம் சாயவேர். சித்த மருந்துக் கடையில் இம்பூறல் என்று கேட்டால் கிடைக்கும் அதே செடியின் வேர் அது. சோழமண்டலக் கடற்கரை மணலில் தானாக வளரும். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து, படிகாரம் ஏற்றி, பிறகு வேர்ச் சாயத்தில் கொதிக்கவைத்தால் சிவப்பு பிடிக்கும். இயற்கைச் சாயம் என்றால் மாசே இல்லை என்று இன்று விளம்பரம் செய்வதில் கொஞ்சம் மிகை உண்டு. அதற்கும் படிகாரம் வேண்டும், விறகு வேண்டும், திரும்பத் திரும்ப அலசத் தண்ணீர் வேண்டும். ஆனால் வடிந்த நீரில் இருந்தது பெரும்பாலும் மண் செரித்துக்கொள்ளக் கூடிய பொருள். அளவும் சிறிது. 1869-ல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் சாயவேரின் நிறப்பொருளையே நிலக்கரித் தாரிலிருந்து செய்து காட்டினார்கள். 1897-ல் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது. கடற்கரையில் வேர் தோண்டும் தொழில் அத்தோடு படுத்தது.

ஆலைகள் வந்தபோது வேலை பேட்டையிலிருந்து பெரம்பூர்ப் பக்கம் நகர்ந்தது. 1876-ல் பக்கிங்ஹாம் மில்லும் 1881-ல் கர்னாட்டிக் மில்லும் தொடங்கின. பின்னி நிறுவனத்தின் இந்த இரட்டை ஆலை, சாயம் போகாத காக்கித் துணிக்குப் பெயர் வாங்கியது. 1996-ல் மூடப்பட்டது. இன்று துறைமுகம் முதல் எண்ணூர் வரையிலான தொழில் பட்டையில் பெரிய ஜவுளி ஆலை எதுவும் இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும் அதற்குப் பழையபடி தண்ணீர் கிடைக்காது. நகரமும் ஆலைகளும் பாசனமும் பல பத்தாண்டுகள் உறிஞ்சியதில் மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிவிட்டது. வண்ணாரப்பேட்டைக் கடைகளில் அடுக்கியிருக்கும் பனியனும் நைட்டியும் வேறு ஊர்த் தண்ணீரில் சாயம் ஏறி வந்தவை.

சாயத் தொட்டிக்குள் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். பருத்திக்கு இன்று பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான். அது நூலோடு வேதிமுறையில் பிணைவதால் துவைத்தால் போகாது. ஆனால் கரைந்த சாயம் தண்ணீரை விட்டு நூலுக்கு நகர வேண்டுமானால் உப்புத் தள்ள வேண்டும். 100 கிலோ துணியைப் பழைய வின்ச் தொட்டியில் போட்டால் ஒரு கிலோவுக்கு 20 லிட்டர் கணக்கில் 2,000 லிட்டர் தண்ணீர். நடுத்தர நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால் 120 கிலோ. துணியைவிட உப்பு கனம்! அந்த உப்பில் ஒரு சிட்டிகைகூடத் துணியில் தங்குவதில்லை, அத்தனையும் வடிகாலுக்குத்தான். சாயத்திலும் நூலைப் பிடிக்காத ஒரு பங்கு கூடவே போகிறது. இதே துணியை ஒரு கிலோவுக்கு 6 லிட்டரில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் போட்டால் தண்ணீர் 600 லிட்டர், உப்பு 36 கிலோ. கழிவைச் சுத்திகரிப்பதைவிடக் கழிவை உண்டாக்காமல் இருப்பது மலிவு என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது.

சாயத்துக்கு முந்தைய வேலைகளிலும் இப்படியே. தறியில் ஏறும் பாவு நூல் அறுந்து போகாமலிருக்கக் கஞ்சி போடுகிறார்கள். நூலின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் கஞ்சி ஏறும். நெய்து முடித்ததும் அதை எடுத்தாக வேண்டும். கழிவுநீரில் ஆக்சிஜனை உறிஞ்சும் சுமையில் பெரும்பங்கு இந்தக் கஞ்சிதான். அமிலத்துக்குப் பதில் நொதியைக் கொண்டு எடுத்தால் ரசாயனம் குறையும். செயற்கைப் பசையாக இருந்தால் வடிகட்டி மீட்டு மறுபடி பாவுக்கே போடலாம். பனியன் துணி பின்னப்படுவது, நெய்யப்படுவதல்ல. அதற்குப் பாவும் இல்லை, இந்தக் கஞ்சித் தொல்லையும் இல்லை. வெளுப்பதில் குளோரினை விட்டு ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மாறியது இன்னொரு நல்ல மாற்றம். பெராக்சைடு சிதைந்தால் மிஞ்சுவது தண்ணீரும் ஆக்சிஜனும்தான். புற்றுநோய் அபாயமுள்ள பொருள்களாகச் சிதையும் 112 சாயங்களை இந்தியா 1990-களில் தடை செய்தது. ஜெர்மனி 1994-ல் விதித்த தடை ஏற்றுமதியாளர்களை ஏற்கெனவே நெருக்கியிருந்தது.

கைத்தறி என்றாலே சுற்றுச்சூழலுக்கு இதம் என்பது பாதி உண்மை. தறிக்கு மின்சாரம் வேண்டாம் என்பது சரி. ஆனால் அதில் ஏறும் நூலும் சாயத் தொட்டியிலிருந்துதான் வருகிறது. வீட்டோரப் பட்டறையில் அண்டாவில் சாயம் காய்ச்சி நீரைத் தெருச் சாக்கடையில் ஊற்றினால், அளவு குறைவென்றாலும் சுத்திகரிப்புக்கு வழியே கிடையாது.

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் படிக்கப்பட்ட இடம் திருப்பூர். ஏழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டி 1992-ல் திறந்த அணை, சில ஆண்டுகளில் சாயநீர்த் தேக்கமாக மாறியது. அணையைக் கேட்டு வாங்கிய விவசாயிகளே அதில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் வழக்குப் போட்டார்கள். சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் பட்டறைகளின் பொறுப்பை உறுதி செய்தது. அப்படியும் நிலைமை சரியாகாததால் 2011 ஜனவரியில் எல்லாப் பட்டறைகளையும், அவற்றின் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். அந்த ஆண்டே மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. பூஜ்ஜியக் கழிவு முறையை நிறுவிய பிறகே நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஜீரோ டிஸ்சார்ஜ் என்று தொழிலில் சொல்லப்படும் இந்த முறையில் சாயநீரை முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்து, நிறத்தை நீக்கி, ஆர்.ஓ. சவ்வுகள் வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். பெரும்பகுதி நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் கெட்டியான உப்புநீரை நீராவியால் சூடாக்கி வற்றவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். வற்றவைப்பதுதான் பணத்தை விழுங்கும் கட்டம். அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். வற்றவைத்து உப்பாக்கி, அந்த உப்பைத் தொட்டியில் மறுபடி கரைப்பானேன்? சுத்தமாக்கிய உப்புநீரையே நேராக அடுத்த சாயத் தொட்டிக்கு அனுப்பினார்கள். சாயக்காரர் வாங்கும் உப்பும் மிச்சம், எரிக்கும் விறகும் மிச்சம்.

தீராத சிக்கல்கள் இரண்டு. பிரிக்க முடியாத கலப்பு உப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடக்கிறது. சுத்திகரிப்பில் ஒதுங்கும் சேறு சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போகிறது, இந்த உப்பை வாங்க ஆளில்லை. இன்னொன்று மின்சாரம். ஆர்.ஓ. பம்புகள் நாள் முழுக்க அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கேதான் கணக்கு மீண்டும் வடசென்னைக்கு வருகிறது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் தொடர்ந்து ஓடுகிறது. கப்பலில் வரும் நிலக்கரி எரிந்து, சாம்பல் தண்ணீரில் கரைத்த குழம்பாகக் குழாயில் போகிறது. குழாய் உடைந்த இடங்களில் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, இறால் பிடித்த இடங்கள் மேடாயின. மின்கட்டமைப்பு மாநிலம் முழுமைக்கும் ஒன்றுதான். நொய்யல் விவசாயிக்குக் கிடைத்த நிவாரணத்தின் செலவில் ஒரு பங்கை எண்ணூர் மீனவர் கட்டுகிறார் என்று சொன்னால் அது முற்றிலும் தவறாகாது. நூற்பாலைகளுக்குப் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று மின்சாரம். அதனாலேயே 1990-களிலிருந்து முப்பந்தல், பல்லடம், உடுமலைப் பக்கங்களில் அவை சொந்தக் காற்றாலைகளை நிறுவின. சாயத் துறையிலும் காற்றும் வெயிலும் தரும் மின்சாரம் கூடினால்தான் பூஜ்ஜியக் கழிவு என்ற பெயர் எண்ணூரிலும் பொருந்தும்.

தண்ணீரைச் சுழற்றும் அதே யோசனை வடசென்னையில் வேறு வடிவில் நடக்கிறது. 2019-ல் கொடுங்கையூரில் திறந்த நிலையம் நகரச் சாக்கடை நீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, ஆர்.ஓ. செய்து, மணலி, எண்ணூர் வட்டார ஆலைகளுக்கு அனுப்புகிறது. அதன் திறன் ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர். குடிநீரை ஆலைக்குக் கொடுக்காமல் கழிவுநீரைக் கொடுக்கும் இந்த ஏற்பாடு ஜவுளிப் பூங்காக்களுக்கும் அப்படியே பொருந்தும். துணி அலசக் குடிநீர்த் தரம் தேவையில்லை. கடினத்தன்மையும் இரும்பும் இல்லாவிட்டால் போதும்.

சாயத்தையே தவிர்க்கும் வழியும் ஒன்று உண்டு. தையல் கூடங்களில் துணி வெட்டும்போது ஒதுங்கும் துண்டுகளுக்குக் கட்டிங் வேஸ்ட் என்று பெயர். அவற்றை நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் மறுபடி நூற்கிறார்கள். நீலத் துண்டிலிருந்து நீல நூல். சாயத் தொட்டிக்கே போகாத நூல் அது. இழை குட்டையாகிவிடுவதால் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலக்க வேண்டும், சன்ன நூல் வராது. போர்வைக்கும் கால்மிதிக்கும் டெனிமுக்கும் போதுமானது. ஆனால் பிரிப்பது ஒவ்வொரு துண்டாகக் கையால் செய்ய வேண்டிய வேலை. நிறம் கலந்து கட்டிய மூட்டைக்கு விலை இல்லை. அது பனியன் வேஸ்ட் என்ற பெயரில் கிலோக் கணக்கில் ராயபுரம் ஒர்க்‌ஷாப்களுக்கும் காசிமேட்டு விசைப்படகுகளுக்கும் வந்து, இன்ஜின் துடைத்து, டீசலும் கிரீசும் ஏறிய பிறகு எந்த மில்லும் திரும்ப வாங்காத துணியாகிவிடுகிறது.