கிட்டார் ஆடிஷனுக்குப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

ஆகஸ்ட் வந்தாச்சு. முதலாண்டுப் பசங்க பெட்டி, பக்கெட்டோட கிட்டாரையும் ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டு வர்ற சீசன் இது. இன்னும் கொஞ்ச நாளில் மியூசிக் கிளப் ஆடிஷன் நோட்டீஸ் ஒட்டுவாங்க. மறுநாளிலிருந்து எல்லா பிளாக்கிலும் ஒரே பாட்டு கேட்கும். 'வாரணம் ஆயிரம்' படத்தில் சூர்யா ரயிலில் கிட்டாரோடு பாடுவாரே, அதேதான். படம் வந்தது 2008-இல். இப்போ ஆடிஷனுக்கு வர்றவங்க அப்போ கைக்குழந்தைங்க. ஆனாலும் பாட்டு மட்டும் மாறல.

நான் இந்த ஆடிஷனை மூணு விதமா பார்த்தவன். முதல் வருஷம் வாசிச்சு வெளியே போனேன். இரண்டாம் வருஷம் உள்ளே போனேன். மூன்றாம் வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நோட்டில் குறிப்பு எழுதினேன். முதல் வருஷம் எனக்கு யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுற விஷயங்களைத்தான் இங்கே எழுதுறேன்.

முதல்ல என் தோல்விக் கதை. நான் எடுத்துக்கிட்டது 'இளைய நிலா'. 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்கு இளையராஜா போட்டது. அந்த ஆரம்ப கிட்டாரை வாசிச்சுக் காட்டினா போதும், சீனியர்ஸ் எழுந்து நின்னு கை தட்டுவாங்கன்னு மனசுக்குள்ளே ஒரு படமே ஓடிச்சு. மூணு மாசம் பழகினேன். ரூமில் பத்துக்கு ஏழு தடவை சரியா வரும். ஹாலுக்குள்ளே போனதும் இரண்டாவது வரியிலேயே விரல் தப்பிச்சு. "சாரி அண்ணா, மறுபடி வாசிக்கிறேன்." மறுபடியும் அதே இடம். மறுபடியும் சாரி. மூணாவது தடவையும் அப்படியே ஆனதும் ஒரு அக்கா ரொம்பப் பொறுமையா, "பரவால்லப்பா, வேற ஏதாவது சிம்பிளா வாசி"ன்னு சொன்னாங்க. என்கிட்ட வேற எதுவுமே இல்ல. மூணு மாசமா அந்த ஒரே பாட்டுதான். பட்டியலில் என் பேர் வரல. கிட்டார் நாலு மாசம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

பாட்டு கஷ்டமானது, அதனால்தான் போச்சுன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் போன பிறகுதான் புரிஞ்சது, விரல் தப்பினது ஒரு பிரச்சினையே இல்ல. நான் நின்னதுதான் பிரச்சினை. கிளப்புக்கு வேண்டியது தனியா வித்தை காட்டுற ஆள் இல்ல. ஒருத்தர் பாடும்போது பின்னாடி உட்கார்ந்து நாலு நிமிஷம் விடாம வாசிக்கிற ஆள்தான் வேணும். கல்ச்சுரல்ஸ் மேடையில் டிரம்ஸ் ஓடிக்கிட்டு இருக்கும். பாடுற பொண்ணு சரணத்துக்குள்ளே போயிருப்பா. அங்கே யாருக்கும் சாரி சொல்ல முடியாது. அதனால ஆடிஷனில் ஒருத்தர் தப்பு பண்ணா நாங்க காதைத் தீட்டிக்குவோம். தப்புக்கு அடுத்த நொடி என்ன பண்றார் என்பதுதான் எங்க நோட்டில் ஏறும்.

இது பிறவித் திறமை இல்ல, பழகினா வரும். ஆனா நாம பழகுற முறையே இதுக்கு எதிரா இருக்கு. ரூமில் தப்பு வந்தா என்ன பண்றோம்? நின்னு, அந்த இடத்தைத் திருத்தி, முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறோம். தினமும் ஐம்பது தடவை இதையே பண்ணா, தப்பு வந்தா நிக்கணும்னு கைக்குப் பாடம் ஆயிடும். ஆடிஷனில் கை அந்தப் பாடத்தைத்தான் ஒப்பிக்கும். என் கை ஒப்பிச்ச மாதிரி.

அதனால பயிற்சியை இரண்டா பிரிச்சுக்கோங்க. ஒரு பகுதி திருத்துறதுக்கு. அதில் எத்தனை தடவை வேணா நிக்கலாம். இன்னொரு பகுதி ஓட்டம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, மெட்ரோனோம் போட்டு, போனில் ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு, முழுப் பாட்டும். கூரை இடிஞ்சாலும் நிக்கக் கூடாது. கார்டு தப்பிடுச்சா? இடது கை விரல்களை அழுத்தாம கம்பி மேல சும்மா படிய வைங்க. வலது கை ஸ்ட்ரம் பண்ணிக்கிட்டே இருக்கட்டும். 'சக் சக்'னு சத்தம் மட்டும் வரும், தாளம் போகாது. அடுத்த ஆவர்த்தனத்தோட முதல் தட்டில் சரியான கார்டோட சேர்ந்துக்கலாம். பாதிப் பேருக்கு நீங்க தப்பு பண்ணதே தெரியாது. வேணும்னே அப்படி வாசிச்சதா நினைச்சுக்குவாங்க. ஒரு தடவை ரூம்மேட்டைக் கூப்பிட்டு, நடுவில் எப்ப வேணா கை தட்டிக் கெடுக்கச் சொல்லுங்க. அதைத் தாண்டி வாசிச்சுட்டா ஆடிஷன் ஹால் ஒண்ணும் பெருசில்ல.

வேகம் பத்தி ஒரு சின்னக் கணக்கு. நிமிஷத்துக்கு 80 தட்டுன்னா ஒரு தட்டுக்கு 0.75 நொடி, நாலு தட்டு ஆவர்த்தனத்துக்கு 3 நொடி. இதில் கார்டு மாத்த விரலுக்கு நீங்க குடுக்கிற நேரம் எவ்வளவு? நிறைய பேர் நாலாவது தட்டு முழுசா முடிஞ்ச பிறகுதான் விரலை எடுக்கிறாங்க. அடுத்த கார்டு லேட்டாகுது. கடைசி அரைத் தட்டை வெறும் கம்பியில் மேல் நோக்கி அடிச்சுட்டு, அந்த நேரத்தில் விரலை நகர்த்தலாம். ஒழுங்கா வாசிக்கிற எல்லாரும் இந்த அரைத் தட்டைத் திருடுறாங்க. யாருக்கும் அது கேக்காது.

ஆரம்பநிலையில் இருக்கிறவங்களுக்கு ஒரு சுலப வழி. G வாசிக்கும்போது மோதிர விரலையும் சுண்டு விரலையும் கீழே இருக்கிற இரண்டு மெல்லிய கம்பிகளில், மூணாவது ஃப்ரெட்டில் வைங்க. அந்த இரண்டையும் எடுக்காமலே Em7, Cadd9, Dsus4 மூணுக்கும் போகலாம். மீதி இரண்டு விரல்தான் நகரும். இந்த நாலு கார்டை வெச்சுக்கிட்டு எத்தனை சினிமாப் பாட்டை ஓட்டலாம்னு முயற்சி பண்ணிப் பாருங்க. F பார் கார்டு வரலைன்னு கவலைப்பட்டு ஆடிஷனுக்கே வராம இருந்தவங்களை எனக்குத் தெரியும். அநியாயம் அது.

அடுத்து, யாரும் தயார் பண்ணாம வர்ற விஷயம். எங்க கிளப்பில் நீங்க வாசிச்சு முடிச்சதும் பாடுற ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வைப்போம். "இவங்களுக்கு வாசிங்க"ன்னு சொல்லுவோம். பாடுறவங்க பெரும்பாலும் சின்ன வயசில் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்க. அவங்க G ஷார்ப்னு சொல்ல மாட்டாங்க, "எனக்கு அஞ்சரைக் கட்டை"ன்னு சொல்லுவாங்க. அதைக் கேட்டதும் கிட்டார் பையன் முகத்தைப் பார்க்கணுமே!

இது ரொம்ப எளிது. ஹார்மோனியத்தில் C-இலிருந்து வெள்ளைக் கட்டைகளை எண்ணுங்க. 1 கட்டை C, 2 கட்டை D, 3 கட்டை E, 4 கட்டை F, 5 கட்டை G, 6 கட்டை A, 7 கட்டை B. நடுவில் இருக்கிற கறுப்புக் கட்டைகள் அரை: ஒண்ணரை C ஷார்ப், இரண்டரை D ஷார்ப், நாலரை F ஷார்ப், அஞ்சரை G ஷார்ப், ஆறரை A ஷார்ப். மூணரை கிடையாது, ஏன்னா E-க்கும் F-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்ல.

இப்போ கேபோ வேலைக்கு வரும். அஞ்சரைக் கட்டைன்னா முதல் ஃப்ரெட்டில் கேபோ போட்டு, G குடும்பக் கார்டுகளை அப்படியே வாசிங்க. ஆறு கட்டைன்னா இரண்டாவது ஃப்ரெட். ஒரு பையன் ஒண்ணரைன்னு சொன்னா, G வடிவத்துக்கு ஆறாவது ஃப்ரெட் வரை போகணும். சத்தம் மாண்டலின் மாதிரி ஆயிடும். அதுக்குப் பதிலா C வடிவக் கார்டுகளை முதல் ஃப்ரெட்டில் வாசிக்கலாம். மைனர் பாட்டுன்னா Em அல்லது Am வடிவத்திலிருந்து இதே மாதிரி எண்ணிக்கோங்க. ஒவ்வொரு ஃப்ரெட்டும் அரைக் கட்டைதான்னு நினைச்சுக்கலாம், மூணுக்கும் நாலுக்கும் நடுவிலும், ஏழுக்கும் மேல் ஸ்தாயி ஒண்ணுக்கும் நடுவிலும் மட்டும் ஒரே ஃப்ரெட்டில் முழுக் கட்டை தாண்டும்.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். நாலே கார்டு, கடன் வாங்கின கிட்டார், ஸ்ட்ரம்மிங்கும் சாதாரணம். பாடுற பொண்ணு கட்டையைச் சொன்னதும் கேபோவை எடுத்து மாட்டிட்டு, "முதல்ல இரண்டு வரி பாடுங்க, நான் சேர்ந்துக்கிறேன்"ன்னான். அவ மூச்சு எடுக்கிற இடத்தில் சத்தத்தைக் குறைச்சான். அவனுக்கு முன்னாடி வந்தவர் அதிவேகமா ஒரு சோலோ வாசிச்சார், ஆனா அதே பொண்ணு பாடும்போது ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கல. எங்களுக்குள்ளே வாக்குவாதமே நடக்கல. நாலு கார்டு பையன்தான் உள்ளே வந்தான்.

சுருதி சேர்க்கிறதுக்கு வருவோம். ஸ்கூல் பிசிக்ஸ் லேபில் சுரமானி ஞாபகம் இருக்கா? கம்பியில் எடை தொங்கவிட்டு, இசைக்கவையை அடிச்சு, காகிதத்துண்டு எப்போ எகிறி விழும்னு காத்துக்கிட்டு இருந்தோமே. கிட்டார் ஆறு கம்பி போட்ட சுரமானிதான். இழுவிசை கூடினா அதிர்வெண் கூடும். கனமான E கம்பி சுமார் 82.4 ஹெர்ட்ஸ், அடுத்த A கம்பி 110, கடைசி மெல்லிய E சுமார் 329.6. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளைச் சேர்க்க, கனமான கம்பியை ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தி அடுத்ததோட ஒப்பிடணும். G-இலிருந்து B-க்குப் போகும்போது மட்டும் நாலாவது ஃப்ரெட். ஒண்ணு 110, இன்னொண்ணு 112-ன்னா நொடிக்கு இரண்டு தடவை 'வாவ்... வாவ்...'னு அலை மாதிரி கேக்கும். அதுதான் புத்தகத்தில் படிச்ச விம்மல்கள். அந்த அலை மெதுவாகி மெதுவாகி நின்னா சுருதி சேர்ந்துடுச்சு. நோட்டைத் தாண்டிப் போயிட்டா, கீழே இறக்கிட்டு மறுபடி மேலே ஏத்துங்க. மேலிருந்து இறக்கி விட்டா முறுக்காணியில் தொய்வு தங்கி, வாசிக்கும்போது இன்னும் இறங்கும்.

இவ்வளவு ஏன் சொல்றேன்னா, என் முதல் ஆடிஷனில் இதுவும் சேர்ந்து கவுத்துச்சு. வெளியே வராந்தாவில், வியர்வை வழிய நல்லா ட்யூன் பண்ணேன். உள்ளே ஏசி ஹால். எஃகுக் கம்பி குளிர்ந்தா சுருங்கும், இழுவிசை கூடும், சுருதி ஏறும். ஆறு கம்பியும் ஒரே அளவு ஏறாது. முதல் கார்டே பல்லை இளிச்சது. பயம் அங்கேயே ஆரம்பிச்சிருச்சு. அதனால ஹாலுக்குள்ளே உட்கார்ந்து ஓரிரு நிமிஷம் கழிச்சு ட்யூனைப் பாருங்க. யாரும் திட்ட மாட்டாங்க. நாங்க அதை நல்ல குறியாவே எடுத்துக்குவோம். வராந்தாவில் பத்து கிட்டார் கத்தும்போது போன் ஆப் குழம்பிடும். கிட்டார் தலையில் கவ்வுற கிளிப் ட்யூனர், மரத்தோட அதிர்வை நேரா எடுக்கிறதால பக்கத்து சத்தம் அதைப் பெருசா பாதிக்காது. யாருகிட்டயாவது கடன் வாங்கிக்கோங்க. புதுக் கம்பி மாத்தணும்னா முந்தின நாள் ராத்திரி வேண்டாம். நாலஞ்சு நாள் முன்னாடியே மாத்திடுங்க. புதுசு இழுத்துக்கிட்டே இருக்கும்.

பாட்டுத் தேர்வுக்கு என் யோசனை: ரூமில் பத்துக்குப் பத்து வர்ற பாட்டு ஒண்ணு, அதைவிட எளிதான இன்னொண்ணு. 'இளைய நிலா' வாசிக்கக் கூடாதுன்னு சொல்லல. அசல் வேகத்தில், விடியற்காலை ஆறு மணிக்கு எழுப்பி விட்டாலும் வாசிப்பேன்னா தாராளமா வாங்க, எழுந்து நின்னே கை தட்டுறேன். பயத்தில் எல்லாரும் வேகமா ஆரம்பிப்பாங்க. அதனால பாட்டில் ரொம்ப நெருக்கமான இடத்தை மனசுக்குள்ளே ஒரு வரி பாடிப் பார்த்துட்டு, அந்த வேகத்தில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணி ஆரம்பிங்க. ஸ்கேல் எல்லாம் நாங்க கேக்கிறதே இல்ல.

ஒரு உண்மையையும் மறைக்காம சொல்லிடறேன். சில வருஷம் கிளப்பில் ஏற்கனவே மூணு கிட்டார் இருக்கும், இடம் ஒண்ணுதான் இருக்கும். நல்லா வாசிச்சும் பேர் வராம போகலாம். அப்படிப் போனா நேரா வந்து கேளுங்க, "அண்ணா, எந்த இடத்தில் சரியில்ல?"ன்னு. எங்க நோட்டில் எழுதியிருக்கும், படிச்சே காட்டுவோம். நான் முதல் வருஷம் கேக்கல. நாலு மாசம் கழிச்சு, பக்கத்து ரூமில் பாடுற பையன் ஒருத்தன் "ஹாஸ்டல் டேக்கு ஒரு பாட்டு பாடணும், வாசிக்கிறியாடா"ன்னு கேட்டதால்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரை இழுத்தேன். ஒரு கம்பியில் துருவே ஏறியிருந்தது. அவனுக்கு இரண்டு கட்டை. G வடிவம் ஏழாவது ஃப்ரெட் வரைக்கும் போயிடுச்சு, D வடிவத்துக்கு மாறினேன். அன்னிக்குத்தான் கட்டைக் கணக்கு எனக்கே புரிஞ்சது.

வரும்போது இரண்டு பிக் எக்ஸ்ட்ரா எடுத்துட்டு வாங்க. ஒண்ணு எப்படியும் கிட்டார் ஓட்டைக்குள்ளே விழும், இன்னொண்ணை வரிசையில் உங்களுக்குப் பின்னாடி நிக்கிறவர் கேப்பார்.