தீவாந்திர தண்டனை பெற்ற சிரிப்பு நடிகர்!
(நமது ஷாதிபூர் நிருபர்)

அந்தமானுக்கு ஊர்ப் பெரியவர்கள் வைத்திருந்த பெயர் தீவாந்திரம். "தீவாந்திரம் போனவன் திரும்ப மாட்டான்" என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். இன்று நாம் பிழைப்புக்காக நாமே டிக்கெட் எடுத்து வருகிறோம். அது வேறு விஷயம். தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த ஒரு மனிதருக்கும் தீவாந்திர தண்டனை விதிக்கப்பட்டது என்பது இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

1945ஆம் ஆண்டு மே மாதம். சென்னை ஐகோர்ட்டில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தீர்ப்பு. ஏழிசை மன்னர் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. அக்காலச் சட்டத்தில் ஆயுள் தண்டனைக்குப் பெயரே நாடு கடத்தல்தான், அதாவது தீவாந்திரம். ஆனால் அனுப்புவதற்குத் தீவு ஏது? 1942 மார்ச் முதல் அந்தமான் ஜப்பானியர் கையில் இருந்தது. யுத்தம் முடிந்து வெள்ளையர் திரும்பி வந்ததும் கைதிக் குடியேற்றத்தையே மூடிவிட்டார்கள். எனவே கலைவாணர் நம் செல்லுலர் சிறையைப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டுச் சிறையிலேயே இருந்தார்.

தண்டனை பெற்ற அந்த இருவரின் பிற்கால வாழ்க்கை வெவ்வேறு வழியில் போனது. அதற்குக் காரணம் கலைவாணரின் தொழில் முறையில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சோடா விற்ற சிறுவன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29ஆம் தேதி பிறந்தவர் கிருஷ்ணன். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை, தாய் இசக்கியம்மாள். ஏழைக் குடும்பம். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்றார். விற்றுக்கொண்டே மேடையைக் கவனித்தார். நாஞ்சில் நாட்டில் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு இல்லாமல் இருக்காது. அந்த வில்லுப்பாட்டுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்.

1935ல் "மேனகா", 1936ல் "சதி லீலாவதி" என்று சினிமாவுக்கு வந்தார். "சதி லீலாவதி" எம்.ஜி.ஆருக்கு முதல் படம். அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் டைரக்டர். தமிழ் தெரியாத டைரக்டர்; தன் நகைச்சுவையைத் தானே எழுதிக்கொள்ளும் நடிகர். எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

எழுதியவரும் அவரே

அன்று நகைச்சுவை நடிகர் என்றால் முகத்தைக் கோணுவார், விழுவார், எழுவார். பிறர் எழுதிக் கொடுத்ததைச் சொல்வார். கிருஷ்ணன் அப்படி இல்லை. தன் பகுதிக்குக் கதை, வசனம், காட்சி எல்லாவற்றையும் தானே அமைத்தார். தனக்கென்று ஒரு குழு வைத்துக்கொண்டு, படத்தின் சிரிப்புப் பகுதியைத் தனியாகத் தயாரித்துக் கொடுத்தார். "வசந்தசேனா" படத்தின்போது சந்தித்த டி.ஏ.மதுரத்தை மணந்துகொண்டார். அதன்பின் கிருஷ்ணன் - மதுரம் ஜோடி இல்லாத படம் ஓடுமா என்று தயாரிப்பாளர்கள் யோசிக்கும் நிலை வந்தது.

அவரை "இந்தியாவின் சார்லி சாப்ளின்" என்று அழைத்தார்கள். லண்டனில் 1889ல் பிறந்த சாப்ளினும் வறுமையில் வளர்ந்து சிறு வயதிலேயே மேடை ஏறியவர்தான். தானே எழுதி, தானே நடித்து, தானே இயக்கியவர்தான். ஒரு வித்தியாசம் உண்டு. சாப்ளின் பேசாமலே உலகத்தைச் சிரிக்க வைத்தார். நம்மவருக்கோ பேச்சுதான் மூலதனம். சாதாரண ஜனங்கள் பேசும் தமிழும், நாலு அடிப் பாட்டும் இருந்தால் போதும். சிரித்து முடித்த பிறகுதான், நம் மூடநம்பிக்கையைத்தான் கேலி செய்தார் என்பது உறைக்கும். யாரையும் புண்படுத்தாமல் கண்டிப்பது அவர் பாணி.

சிறையில் ஆள், திரையில் படம்

1944 தீபாவளிக்கு வெளிவந்தது "ஹரிதாஸ்". பாகவதர் கதாநாயகன், கிருஷ்ணனும் மதுரமும் நகைச்சுவை. அடுத்த மாதம் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்திக்குத்துப் பட்டு இறந்தார். டிசம்பரில் இருவரும் கைதானார்கள். சென்னை பிராட்வே தியேட்டரில் "ஹரிதாஸ்" மூன்று தீபாவளிகளைக் கண்டது. கொட்டகையில் ஜனங்கள் கிருஷ்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் கம்பிக்குப் பின்னால் இருந்தார்.

ஐகோர்ட் அப்பீல் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கிருந்து மறுபரிசீலனைக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை ஆனார்கள். இடையில் போன இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர முடியாது. சேர்த்த பொருளும் வழக்கிலே கரைந்தது.

அந்த நாட்களில் மதுரம் அம்மையார் ஓய்ந்து உட்காரவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவை நடத்தினார். "பைத்தியக்காரன்" படத்தைத் தொடங்கினார்கள். படம் முடியும் தறுவாயில் கிருஷ்ணன் விடுதலையாகி வர, அவருக்கும் அதில் ஒரு வேடம் சேர்க்கப்பட்டது.

அதே வழக்கு, அதே சிறை, அதே விடுதலை. ஆனால் பாகவதரின் பிற்காலப் படங்கள் ஒன்றுகூட "ஹரிதாஸ்" போல ஓடவில்லை. 1959ல் மறைந்தார். கதாநாயகனுக்குத் தக்க கதை வேண்டும், இசை வேண்டும், ஜனங்களின் பழைய மோகமும் வேண்டும். அவை அவர் கையில் இல்லை. கிருஷ்ணனின் தொழிலோ அவர் தலைக்குள் இருந்தது. அதை யாரும் ஜப்தி செய்ய முடியாதல்லவா?

வெளியே வந்த அந்த 1947லேயே பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் "கலைவாணர்" பட்டம் வழங்கினார். 1948ல் "சந்திரலேகா"வில் தோன்றினார். 1949ல் அறிஞர் அண்ணா கதை வசனம் எழுதிய "நல்லதம்பி"யைத் தயாரித்து நடித்தார். 1951ல் "மணமகள்", 1952ல் "பணம்" ஆகியவற்றை டைரக்ட் செய்தார். பத்மினி தமிழில் கதாநாயகியானது "மணமகள்" படத்தில்தான். நெல்லைச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைச் சென்னைக்கு அழைத்து வந்து, காந்தியடிகள் கதையை வில்லுப்பாட்டாக எழுத வைத்துப் பாடினார். அந்த இளைஞர்தான் பின்னாளில் பத்மஸ்ரீ பெற்ற வில்லிசை வேந்தர்.

கிந்தனார் ஏறிய ரயில்

கலைவாணரின் படைப்புகளில் இந்த நிருபருக்கு மிகவும் பிடித்தது "கிந்தனார்" காலட்சேபம். நந்தனாருக்குச் சிதம்பரம் போக ஆசை. கிந்தனுக்கோ பள்ளிக்கூடம் போக ஆசை. தாழ்த்தப்பட்ட குலத்துப் பையன். பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். அதில் ரயில் பயணத்தைப் பற்றி ஒரு பாட்டு வரும். எல்லாச் சாதியாரும் ஒரே பெட்டியில் இடித்துக்கொண்டு உட்காரும் அதிசயத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பார். ரயில்வே குமாஸ்தாவாக இருப்பதால் எனக்கு அதில் தனிப் பிரியம். இந்தத் தீவில் தண்டவாளம் கிடையாது; டிக்கெட் பதிவு மட்டும்தான். ஆனால் கவுண்டர் முன் நிற்கும் வரிசையில் யார் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. அந்த வகையில் கிந்தனார் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டார் என்றே சொல்லலாம்.

கொடுத்தே கரைந்தவர்

சம்பாதித்ததை எல்லாம் கேட்டவர்க்குக் கொடுத்தார். காந்தியடிகளுக்கு நாகர்கோவிலில் சொந்தச் செலவில் நினைவுத் தூண் எழுப்பினார். கடைசிக் காலத்தில் கையில் பணமில்லை. 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி, 48ஆம் வயதில் காலமானார். சென்னையில் அவர் சிலையை 1969 பொங்கலன்று திறந்து வைத்தவர் அண்ணா, அப்போது முதல்வர். சில நாட்களில் அண்ணாவும் மறைந்தார். சேப்பாக்கத்தில் கலைவாணர் அரங்கம் இருக்கிறது. கொரோனா காலத்தில் தமிழ்நாடு சட்டசபையே அங்கேதான் கூடியது.

இங்கே கூலிக்கும் குமாஸ்தா வேலைக்கும் வந்த நமக்குப் பெரிய சொத்து கிடையாது. கையில் உள்ள தொழில்தான் சொத்து. கெட்ட காலம் வந்து பேரையும் பணத்தையும் கொண்டுபோனாலும், தானே கற்று வைத்த வேலை கைவிடாது என்பதற்கு நாலாம் வகுப்புப் படித்த அந்த மனிதரே சாட்சி. இரைத்த பணத்தில் கொஞ்சம் வீட்டுக்கென்று ஒதுக்கியிருக்கலாம் என்றும் தோன்றுகிறது. அதுவும் நமக்குப் பாடம்தான்.

பொங்கல் விழாவுக்குச் சினிமா டான்ஸ் ஆடப் பயிற்சி எடுக்கும் நம் ஷாதிபூர் இளைஞர்கள், இவ்வருடம் ஒரு வில்லும் குடமும் தேடிப் பிடித்துக் கிந்தனார் கதை சொல்லிப் பார்க்கட்டுமே! வரி தெரியாவிட்டால் "நல்லதம்பி" படத்தைத் தேடிப் பாருங்கள். ஒத்திகைக்கு இந்த நிருபரும் வரத் தயார்.