அத்தையின் மறதி: மூளைக்குள் ஒரு புகைமூட்டம்

என் அத்தை பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கியவர். எந்த நிரையில் எத்தனை சாக்கு என்று கிராணியிடம் வாயாலேயே கணக்குச் சொல்வார். சரிபார்த்தால் கிராணியின் புத்தகத்தில்தான் பிழை இருக்கும்.

அப்படிப்பட்டவர், ஐம்பது வயதை ஒட்டி, ஒரே ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் வராமல் "அதான்... அந்த... அது" என்று நின்றார். அடுப்படிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். படிவம் 3 படிக்கும் மகன் கேலி செய்தான். அவரும் சேர்ந்து சிரித்தார். இரவில் என் அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்தவர் கேட்டது வேறு: "அண்ணி, எனக்குப் புத்தி பேதலிச்சுப் போகுதா?"

இல்லை. ஆனால் அவருக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள, படிவம் 1 அறிவியலில் நீங்கள் படித்த மாதவிடாய் சுழற்சிக்குக் கொஞ்சம் திரும்பிப் போக வேண்டும்.

சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கருப்பைக்கு அது என்ன செய்கிறது என்பதோடு பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உண்மையில் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மூளையிலும் இருக்கின்றன. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியிலும், திட்டமிடவும் கவனத்தைக் குவிக்கவும் உதவும் முன்மூளைப் பகுதியிலும் அவை உண்டு. மூளைச் செல்கள் குளுக்கோஸைப் பயன்படுத்துவதற்கும் ஈஸ்ட்ரோஜன் துணைபுரிகிறது. நாற்பதுகளில் அது ஒரு நாள் கூடி, மறுநாள் குறைந்து, தடுமாறத் தொடங்குகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பலருக்கு இது ஐம்பது வயதை ஒட்டி நடக்கிறது.

அந்தத் தடுமாற்ற ஆண்டுகளில் பலருக்கு வரும் மறதிக்கும் கவனச் சிதறலுக்கும் மூளைப் புகைமூட்டம் என்று பெயர். ராஜா மூசா காட்டில் கரிமண் தீப்பிடித்தால் நம் வட்டாரம் எப்படி இருக்கும் என்பது கோல சிலாங்கூர் பிள்ளைகளுக்குத் தெரியும். சாலை அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

இது வெளிநாட்டுப் பெண்களின் கதை என்று நினைக்க வேண்டாம். கிளந்தானில் மாதவிடாய் நின்ற 326 பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. திடீர்ச் சூடு வருவதாகச் சொன்னவர்கள் 44.8 விழுக்காட்டினர். கவனம் குறைந்துவிட்டதாகச் சொன்னவர்களோ 77.5 விழுக்காட்டினர்! மாதவிடாய் நிற்பது என்றாலே எல்லாரும் சூட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்தப் பெண்களை அதைவிட அதிகமாக வாட்டியது கவனக்குறைவு.

அத்தையின் கேள்விக்கு நேரான பதிலைத் தரும் ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. 2,362 பெண்களுக்கு நான்கு ஆண்டுகள் திரும்பத் திரும்ப நினைவாற்றல் சோதனைகள் வைத்து, முடிவை 2009-இல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான பழைய தேர்வுத்தாளை ஆண்டுதோறும் செய்தால் உங்கள் மதிப்பெண் என்ன ஆகும்? பழக்கத்தால் கொஞ்சம் ஏறும். அந்தப் பெண்களுக்கும் அப்படித்தான் ஏறியது. மாதவிடாய் நிற்கப்போகும் ஆண்டுகளில் மட்டும் அந்த ஏற்றம் தடைப்பட்டது. மாதவிடாய் நின்ற பிறகு, கற்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பியது. மூளைத் தேய்வு நோயில் இப்படி ஏறி வருவதில்லை. நன்கு தெரிந்த பாதையில் வழி தவறுவது, அன்றாடம் பயன்படுத்தும் பொருளை எப்படிக் கையாள்வது என்றே தெரியாமல் போவது, திடீரென்று பேச்சுக் குழறுவது போன்றவை வேறு வகை. அதற்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, குறைந்த ஹார்மோனை மருந்தாகக் கொடுத்தால் முடிந்ததே? சூடும் வியர்வையும் அதிகமாக இருக்கும் பெண்கள் பலருக்கு அப்படித்தான் கொடுக்கிறார்கள். அத்தைக்கு முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்தது. மலேசியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் அதுதான். அதில் பல கட்டிகள் ஈஸ்ட்ரோஜனையே உரமாக எடுத்து வளர்பவை. சுவீடனில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிகிச்சை முடிந்த பெண்களில் ஒரு பாதிக்கு ஹார்மோன் கொடுத்து, மறு பாதிக்குக் கொடுக்காமல் தொடர்ந்தார்கள். ஹார்மோன் பெற்றவர்களில் 26 பேருக்கும் பெறாதவர்களில் 7 பேருக்கும் புற்றுநோய் மீண்டும் தலைகாட்டியது. 2003 டிசம்பரில் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். இரத்தக்கட்டி, பக்கவாதம், கல்லீரல் நோய் வந்தவர்களில் பலருக்கும் இந்த வழி அடைபட்டிருக்கும்.

அப்படியானால் வேறு வழி எங்கே? பதில் இரவில் இருக்கிறது.

கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரத்து மின்மினிகளைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஒரே தாளத்தில் மினுக்கும். நம் மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியிலும் அப்படி ஒரே தாளத்தில் துடிக்கும் நரம்புச் செல் கூட்டம் ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் அதற்கு 'கேண்டி' செல்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் (ஆமாம், மிட்டாயைப் போலத்தான் உச்சரிக்கிறார்கள்). ஈஸ்ட்ரோஜன் இந்தக் கூட்டத்துக்குக் கடிவாளம். மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையில் இந்தச் செல்கள் பருத்துப் போயிருப்பதை அமெரிக்க ஆய்வாளர் நவோமி ரான்ஸ் 1990களின் தொடக்கத்திலேயே கண்டார். கடிவாளம் போனதும் இவை அளவுக்கு மீறித் துடித்து, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியையும் தூண்டிவிடுகின்றன. உடம்பு சூடாகிவிட்டது என்று மூளை தவறாக முடிவெடுக்கிறது. முகம் சிவந்து, வியர்வை கொட்டுகிறது. இரவில் இது நான்கைந்து முறை நடந்தால் தூக்கம் என்ன ஆகும்?

இதற்கும் மறதிக்கும் தொடர்பு உண்டா என்று சிகாகோவின் பாலின் மாக்கி குழுவினர் தேடினார்கள். தோலின் மின்கடத்தல் மாற்றத்தைப் பதியும் சிறு கருவியைப் பெண்களுக்குப் பொருத்தினார்கள். 2008-இல் வந்த முடிவு இது: கருவி பதிந்த திடீர்ச் சூடு அதிகமாக இருந்தவர்களுக்குச் சொற்களை நினைவில் வைப்பது கடினமாக இருந்தது. பெண்கள் தாங்களாக உணர்ந்து குறித்தது அதைவிடக் குறைவு. உறக்கத்தில் வந்துபோன பலவற்றை அவர்கள் அறியவே இல்லை.

ஆகவே ஹார்மோன் இல்லாமல் புகைமூட்டத்தைக் குறைக்க, முதலில் இரவைச் சரிசெய்ய வேண்டும். பருத்தித் துணி, ஒரு மின்விசிறி, மாலைக்குப் பிறகு காப்பி வேண்டாம் என்ற கட்டுப்பாடு, பகலில் வேகநடை ஆகியவை சாதாரணமாகத் தோன்றலாம், தொடக்கம் இங்கேதான். லண்டனில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த 96 பெண்களிடம் நடந்த சோதனையில், மூச்சுப் பயிற்சியும் எண்ணப் போக்கை மாற்றும் பயிற்சியும் சேர்ந்த நடத்தைச் சிகிச்சை, சூடு தரும் தொல்லையைக் கணிசமாகக் குறைத்தது. கேண்டி செல்களின் செய்தியைத் தடுக்கும் பெசோலினெட்டன்ட் என்ற ஹார்மோன் அல்லாத மருந்துக்கு அமெரிக்கா 2023 மே மாதம் அனுமதி தந்தது. அதை உட்கொள்பவர்களுக்குக் கல்லீரல் இரத்தப் பரிசோதனை கட்டாயம்.

மருந்து விஷயத்தில் பக்கத்து வீட்டு யோசனை ஆபத்து. மனச்சோர்வுக்கான சில மருந்துகள் குறைந்த அளவில் சூட்டைத் தணிக்கும். ஆனால் அவற்றில் ஒன்றான பெராக்ஸெட்டின், புற்றுநோய் மருந்தான தமோக்சிபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுத்துவிடும். ஒன்றுக்கு நல்லது, மற்றதைக் கெடுக்கிறது! பாசார் மாலாமில் விற்கும் சோயாச் சாற்று மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. குழம்பில் போடும் தவ்ஹூ வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு.

இன்னொன்றும் உண்டு. எல்லா மறதியையும் வயதின் தலையில் கட்டிவிடக் கூடாது. இரத்தசோகை, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, கட்டுப்படாத நீரிழிவு ஆகியவையும் இதே மூட்டத்தைத் தரும். அரசாங்க கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது அத்தைக்கு இரத்தசோகை இருந்தது தெரிந்தது. அதற்கு மருந்து கொடுத்தார்கள். ஹார்மோனைத் தொடாமலேயே சரிசெய்யக்கூடிய ஒரு பங்கு அது.

மீதியை வீட்டில் சமாளித்தார்கள். நினைவில் வைக்கும் வேலையைத் தலையிலிருந்து சுவருக்கு மாற்றுவதுதான் முறை. சாவிக்கு ஒரே ஆணி. மாத்திரைக்குக் கிழமை எழுதிய பெட்டி. "மறக்காமல் மருந்து சாப்பிட வேண்டும்" என்று நினைப்பதைவிட, "பசியாறியதும் மருந்து" என்று ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு முடிச்சுப் போடுவது நன்றாக வேலை செய்யும். தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்கும் இது உதவும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும். மகனுக்கு ஒரே கட்டளைதான்: அம்மா எதையாவது எண்ணிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கேள்வி கேட்கக் கூடாது. அவன் அதைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் பிடித்தது.

போன மாதம் அங்கே சாப்பிடப் போனோம். ரசத்தில் உப்பே இல்லை. மகன் எழுந்துபோய் உப்புப் போத்தலை எடுத்து வந்து மேசை நடுவில் வைத்துவிட்டு, மறுபடி சாப்பிட உட்கார்ந்தான்.