பற்றறி செத்துவிட்டதா? முதலில் முனைகளைப் பாருங்கள்!

எமது கிராமங்களில் ஒரு வாகனம் தனி ஒருவருடைய சொத்தாக மட்டும் இருப்பதில்லை. உழவு இயந்திரமாயினும், மீனவர் சங்கத்தின் லொறியாயினும், பங்கின் வானாயினும் அது ஊர் முழுவதற்கும் உதவுகின்றது. நெல்லை ஆலைக்கும், மீனைச் சந்தைக்கும், பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்துக்கும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு சேர்ப்பது அதுவே. அது நின்றுவிட்டால் ஊரின் அன்றைய அலுவல்களும் நின்றுவிடுகின்றன.

வாகனம் ஸ்ரார்ட் ஆகாத காலை வேளைகளில் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "பாதர், பற்றறி செத்துப்போச்சு" என்பதாகும். உடனே புதிய பற்றறிக்குக் காசு சேர்க்கும் பேச்சு எழும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர் ஒரு பற்றறியின் விலை சாதாரண சங்கத்துக்குப் பெரும் சுமையாகிவிட்டது. ஆனால் செத்துவிட்டதாகச் சொல்லப்படும் பற்றறிகள் சிலவற்றில் உயிர் இன்னும் இருக்கின்றது. முனைகளில் படிந்த அழுக்குத்தான் மின்சாரத்தை மறித்து நிற்கின்றது.

வன்னிக் கிராமம் ஒன்றில் இரவு வயலுக்குத் தண்ணீர் கட்டச் சென்ற ஒருவரைப் பாம்பு தீண்டியது. சங்கத்தின் வான் வாசலில் நின்றது. ஆனால் திறப்பைத் திருப்பியபோது "டிக்" என்ற சத்தம் மட்டுமே கேட்டது. பக்கத்து ஊரில் வேறு வாகனம் தேடிப் பிடிக்க நாற்பது நிமிடங்கள் கடந்தன. இறைவன் அருளால் அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் ஓர் இளைஞர் பற்றறியின் முனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டினார். வான் முதல் திருப்பிலேயே ஸ்ரார்ட் ஆனது. அந்த நாற்பது நிமிடங்களின் விலை ஒரு கரண்டி அப்பச்சோடா!

அழுக்கு எவ்வாறு மறிக்கின்றது?

12 வோல்ற் பற்றறி ஒன்றில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ற் தருகின்றது. உள்ளே ஈயத் தகடுகள் ஐதான சல்பூரிக் அமிலத்தில் அமிழ்ந்திருக்கின்றன. மின்னேற்றும்போது எழும் வாயுவுடன் நுண்ணிய அமிலத் துளிகளும் வெளியேறி முனைகளில் படிகின்றன. அங்குள்ள ஈயத்தைத் தின்று வெள்ளைத் தூளையும், செப்பு வயரைத் தின்று நீலப்பச்சைத் தூளையும் உண்டாக்குகின்றன. எமது வெக்கையும் கரையோரத்தின் உப்புக்காற்றும் அரிப்பை மேலும் விரைவாக்குகின்றன.

இத்தூள் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதில்லை. முன்விளக்கு ஒன்றுக்கு 5 அம்பியர் வரை போதும். ஆகவே விளக்கு நன்றாக எரியும். ஸ்ரார்ட்டர் மோட்டாருக்கோ 150 அம்பியர் வரையில், டீசல் எஞ்சினாயின் அதற்கும் மேலாகத் தேவை. முனையில் 0.01 ஓம் தடை மட்டும் இருந்தாலும், 150 அம்பியர் பாயும்போது 1.5 வோல்ற் அங்கேயே வீணாகின்றது. தடை இன்னும் கூடினால் மோட்டார் சுழலவே மாட்டாது. விளக்கு எரிந்தும் வாகனம் ஸ்ரார்ட் ஆகாதபோது முனைகளை முதலில் சந்தேகிக்க வேண்டியது இதனாலேயே.

சுத்தம் செய்யும் முறை

முதலில் எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்துவிடுங்கள். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பற்றறியிலிருந்து வரும் ஐதரசன் வாயு சிறு பொறியிலும் வெடிக்கக்கூடியது. ஆகையால் சுருட்டு, பீடி, குப்பிவிளக்கு எதுவும் அருகில் வரக்கூடாது. மோதிரம், கைக்கடிகாரம், காப்பு என்பவற்றைக் கழற்றிவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு இறப்பர்க் கையுறையும் அணியுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடங்கள் சுத்தமான நீரால் கழுவிக்கொண்டே இருந்து, பின்னர் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

அடுத்து, வாகனத்தின் உடலுடன் இணைந்துள்ள வயரை முதலில் கழற்றுங்கள். இன்றைய வாகனங்களில் அது கழித்தல் அடையாளமுள்ள முனை. யாழ்ப்பாணத்தில் ஓடிய பழைய ஒஸ்ரின் கார்களைப் போன்ற பிரித்தானிய வாகனங்கள் பலவற்றிலோ கூட்டல் முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. எனவே நிறத்தை நம்பாமல், வயர் எங்கே போகின்றது என்று பாருங்கள். இந்த ஒழுங்கை மாற்றினால் ஸ்பானர் உடலில் முட்டியவுடன் பெரும் பொறி பறக்கும்.

பற்றறியின் மூடிகள் இறுக்கமாக உள்ளனவா எனக் கவனியுங்கள். சோடா நீர் உள்ளே போனால் அமிலம் பழுதாகிவிடும். ஒரு கோப்பை நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, முனைகளிலும் கவ்விகளிலும் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். நுரை பொங்கும், சோடா அமிலத்தைச் செயலிழக்கச் செய்கின்றது என்பதற்கு அதுவே அடையாளம். நுரை அடங்கும்வரை பழைய பற்தூரிகையால் தேய்த்து, நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். பின்னர் முனையையும் கவ்வியின் உட்புறத்தையும் எமரித் தாளால் உரஞ்சி மினுங்கச் செய்யுங்கள். மின்சாரம் பாய்வது அந்த இரு முகங்களும் தொடுமிடத்தில்தான்.

பூட்டும்போது ஒழுங்கு தலைகீழாகும். உடலுடன் இணைந்த வயர் கடைசியாகவே வரவேண்டும். கவ்வியைச் சுத்தியலால் அடிக்காதீர்கள்; முனை உடைந்துவிடும். கையால் அசைத்தால் அசையாத அளவுக்கு இறுக்கிய பின், மேலே மெல்லிதாக வசலீன் அல்லது கிறீஸ் பூசுங்கள். பற்றறியைப் பிடித்திருக்கும் சட்டத்தையும் இறுக்குங்கள். எமது தெருக்களின் குலுக்கல் பற்றறிக்குப் பெரும் எதிரி.

மூடி திறக்கக்கூடிய பற்றறியாயின் நீர்மட்டத்தையும் பாருங்கள். தகடுகளுக்கு மேல் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் விடுங்கள். குடாநாட்டுக் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் தகடுகளைக் கெடுத்துவிடும். மட்டத்துக்கு மேல் நிரப்பினால் அமிலம் வழிந்து முனைகள் மீண்டும் பூக்கும். சில வாரங்களுக்குள்ளேயே தூள் திரும்பவும் வந்தால் மின்னேற்றத்தைச் சோதிப்பியுங்கள். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ற் வரை காட்ட வேண்டும். எஞ்சின் சில மணி நேரம் ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ற் காட்டினால் பற்றறி நிறைவாக உள்ளது.

பொனற்றின் கீழே

பற்றறியைப் பார்க்கும் அதே நாளில் எஞ்சினையும் சுற்றிப் பாருங்கள். வேப்பஞ் சருகு, எலிக்கூடு, ஒயில் குடித்த புழுதி ஆகியவை சூட்டில் தீப்பிடிக்கக்கூடியவை. எலி கடித்த வயர் அத்தீக்குப் பொறியும் தரும். எஞ்சின் நன்றாக ஆறிய பின்னர் சருகுகளைக் கையால் அகற்றுங்கள். வயர்ப் பொருத்துகள், பியூஸ் பெட்டி, மின்னேற்றி, காற்று வடியின் வாய் என்பவற்றைப் பொலித்தீனால் மூடிக்கட்டுங்கள். ஒயில் படிந்த இடங்களைச் சவர்க்கார நீரும் தூரிகையும் கொண்டு தேய்த்து, சிறிதளவு நீரால் கழுவித் துடையுங்கள். பெற்றோலால் கழுவுவது ஆபத்தானது. குழாயால் வேகமாகத் தண்ணீர் அடிப்பதும் கூடாது. ஹைபிரிட் வாகனங்களில் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் 100 வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்சாரம் பாயக்கூடும்.

சுத்தமான எஞ்சின் அழகுக்காக மட்டுமன்று. கழுவி ஒரு வாரத்தின் பின் பாருங்கள். ஒயில் எங்கிருந்து கசிகின்றது என்பது வெளிச்சமாகிவிடும். சிறு கசிவை அன்றே அடைத்தால் பெருஞ்செலவு தவிர்க்கப்படும்.

இவ்வேலைகளைக் கிணற்றுக்கும் குளத்துக்கும் தூரமாகவே செய்ய வேண்டும். உண்மையில் செத்த பற்றறியை உடைக்காமல் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பழைய ஈயத்துக்கு விலையுண்டு. வலைக்குக் குண்டு வார்ப்பதற்காக அதை வீட்டு முற்றத்தில் உருக்குவது பெரும் தீங்கு. ஈயப் புகையும் தூசும் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றன.

யாருடைய பொறுப்பு?

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளும் பற்றறியும் வடக்குக்கு வருவது தடுக்கப்பட்டிருந்தது. அப்போது எமது மக்கள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். கையிலுள்ளதைப் பேணும் பழக்கம் அன்று எம்மிடம் இருந்தது. கடையில் எல்லாம் கிடைக்கும் இக்காலத்திலும் அப்பழக்கம் எமக்கு வேண்டும்.

பொது வாகனம் பழுதாவதற்குப் பெரிய காரணம், அது "எல்லாருடையதும்" என்பதால் ஒருவரும் பொனற்றைத் திறவாமையே. ஒவ்வொரு சங்கமும் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, இருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கி, செய்த வேலையைக் கொப்பியில் எழுதி வைக்கட்டும். இளைஞர்களுடன் யுவதிகளும் இதைப் பழகட்டும். அரை மணி நேர வேலைதான்.

நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியரிடமும் விளக்கு இருந்தது. ஐவரிடம் மட்டுமே மேலதிக எண்ணெயும் இருந்தது. நடுநிசியில் அழைப்பு வந்தபோதுதான் அந்த வேறுபாடு தெரிந்தது. எமது ஊர்களிலும் நோயும் பாம்பும் பிரசவ வேதனையும் நேரம் பார்த்து வருவதில்லை. வரும் சனிக்கிழமையே உங்கள் வாகனத்தின் பொனற்றைத் திறந்து பாருங்கள்.