ஜூ டவுனின் பழைய முகங்கள் யார் கையில்?

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில், 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்துக்குள் போகிறவர்கள் முதலில் குனிந்து தரையைப் பார்ப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீலம், வெள்ளைப் பீங்கான் ஓடுகள். கையால் தீட்டியவை என்பதால் ஓட்டுக்கு ஓடு கோடு கொஞ்சம் மாறும்.

அந்தத் தெருவின் பழைய முகங்களையும் பார்க்க நினைத்து, செல்போன் ஏஐ செயலி ஒன்றில், '1940களில் ஜூ டவுன் யூதக் குடும்பம், கறுப்பு வெள்ளைப் படம்' என்று கேட்டேன். நொடியில் வந்தது, பழுப்பேறிய ஓரம் வரை அச்சு அசல். ஆனால் ஆண்கள் தலையில் ஐரோப்பியக் கறுப்புத் தொப்பி. முண்டு கட்டிய பெண் ஒருத்திகூட இல்லை. பின்னால் 1760-இல் எழுந்த மணிக்கூண்டு. எபிரேய எண்கள் இருக்க வேண்டிய முகப்பில் எந்த மொழியிலும் சேராத கிறுக்கல். ஊர் தெரிந்தவருக்குப் பிழை தெரியும். மற்றவர்கள் நம்பிவிடுவார்கள்.

1948-இல் இஸ்ரேல் உருவானபின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். அவர்களில் எண்ணிக்கையில் அதிகம் மலபார் யூதர்கள். பரதேசி ஆலயத்தில் அவர்களுக்குச் சம இடம் கிடைக்கவில்லை. இணையத்திலும் அவர்கள் படங்கள் குறைவு. இருப்பதைச் சராசரியாக்கித் தரும் ஏஐக்கு அவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். ஒருமுறை ஒதுக்கப்பட்டவர்களை இன்னொரு முறை அழிப்பதுதான் இது.

மட்டாஞ்சேரியிலேயே இருக்கும் கடவும்பாகம் ஆலயம் அவர்களுடையது. 2019-இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விழுந்த சுவர் எப்படி இருந்தது என்பதற்குப் பழைய புகைப்படங்கள்தான் சாட்சி. நாளை அவற்றோடு நூறு போலிப் படங்கள் கலந்துவிட்டால், அசலைக் காட்டினாலும் 'இதுவும் ஏஐயா?' என்றுதான் கேட்பார்கள். போலியை நம்புவதைவிட எனக்கு இதுதான் பெரிய பயம்.

ஓவியத்தில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. பரதேசி ஆலயத்தின் முன்னறையில் யூதர் வரலாற்றைச் சொல்லும் ஓவியங்கள் உண்டு. அவை ஓவியரின் கற்பனை என்பது பார்த்ததுமே தெரியும், யாரும் ஏமாறுவதில்லை. புகைப்படம் போலத் தோன்றும் ஏஐ படம் அப்படியில்லை. 2023-இல் உலகப் புகைப்படப் போட்டி ஒன்றில் பரிசு வென்ற ஜெர்மன் கலைஞர், தன்னுடையது ஏஐ படம் என்று தானே சொல்லிப் பரிசை மறுத்தார். அவர் சொன்னதால்தான் விஷயம் வெளியே வந்தது.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்களும் படத்தில் டச்சிங் செய்தார்களே என்பார்கள். செய்தார்கள்தான். ஆனால் கேமராவுக்கு முன் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை இந்த வாரமே எடுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். ஏஐ படத்தைப் பகிர்ந்தால், அது ஏஐ என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.