பின்னால் சாயும் பிள்ளைகள்

“முதுகு ஒடிஞ்சு போகாதா டீச்சர்?” போடிநாயக்கனூரில் பி.டி. டீச்சராக இருக்கிற என்னிடம் அம்மாமார் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்கிறவர்களில் பலர் விடியுமுன் ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரில், தரையை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. விளைந்ததாகப் பார்த்துக் கிள்ள நாள் முழுக்கக் குனிய வேண்டும். குனிந்தே முதுகு போனவர்கள், பிள்ளை பின்னால் சாய்வதைப் பார்த்துப் பதறுவது நியாயம்தான். ஆனால், திருவிழாவில் கரகாட்டக்காரர் தலையில் கரகத்தோடு பின்னால் வளைந்தால் இதே ஊர் விசிலடிக்கிறது. அவர் முதுகைப் பற்றி யாரும் விசாரித்து நான் கேட்டதில்லை.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வாக்ஓவர். ஜிம்னாஸ்டிக்ஸில் வாக்ஓவர் என்பது, கைகளைத் தரையில் ஊன்றி, ஒரு காலுக்குப் பின் மறு காலாகத் தலைக்கு மேல் கொண்டுபோய், மறுபடி நிமிர்ந்து நிற்பது. முன்னால் போனால் ஃப்ரண்ட், பின்னால் போனால் பேக். ஓட்டமும் இல்லை, துள்ளலும் இல்லை. மெதுவாகச் செய்கிற வித்தை என்பதால் வேகத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது. பெரிய வீராங்கனைகள் இதையே 10 செ.மீ. அகலமுள்ள பீமின் மேல், தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் செய்கிறார்கள்.

பார்க்கிறவர்களுக்கு இடுப்பு வளைவதாகத்தான் தெரியும். எனக்குத் தோள்தான் முக்கியம். தோள் இறுக்கமாக இருக்கிற பிள்ளை மொத்த வளைவையும் கீழ்முதுகில் வாங்கிக்கொள்ளும். வளரும் வயதில் தினமும் அப்படிச் செய்தால் அங்கே எலும்பில் கீறல் விழலாம். இளம் ஜிம்னாஸ்ட்களுக்கு வருகிற காயங்களில் அது தெரிந்த ஒன்று. வளையும்போது கீழ்முதுகில் ஒரே இடத்தில் வலி குத்தினால் அன்றோடு நிறுத்தச் சொல்லி எலும்பு டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். தைலம் தேய்த்துப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை அது.

அதனால் முதல் பாடம் பிரிட்ஜ். மல்லாந்து படுத்து, காதோரம் உள்ளங்கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது. யோகாவில் சக்ராசனம் செய்தவர்களுக்குப் பழகியதுதான். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் பார்ப்பேன். மணிக்கட்டுக்கு நேர்மேலே தோள் வந்திருக்கிறதா? தோள் பாதத்தின் பக்கம் பின்தங்கியிருந்தால் முதுகு சுமக்கிறது என்று அர்த்தம். காலை நீட்டி மார்பைக் கைகளுக்கு மேல் தள்ளச் சொல்வேன். இது வரும்வரை அடுத்த பாடம் கிடையாது.

பெரிய ஊர்களில் இதற்கு மேல் சாய்வான ஃபோம் மெத்தையில் பழக்குவார்கள். எங்கள் மைதானத்தின் மேற்கு ஓரம் மலைப்பக்கமாக மெல்ல ஏறுகிறது, புல்தரை. அது போதும். காலை மேட்டிலும் கையைப் பள்ளத்திலும் வைத்து பிரிட்ஜ் போட்டால் எடை தானாகத் தோளுக்கு வந்துவிடும். ஒரு காலைத் தூக்கி மற்றதால் உதைத்தால் உடம்பு தாண்டிவிடுகிறது. நின்றபடி பின்னால் சாயப் பழக அதே சரிவைத் திருப்பிப் போட வேண்டும். பள்ளத்தைப் பார்த்து நின்று மேட்டுப் பக்கம் சாய்ந்தால் தரை சீக்கிரமே கைக்கு எட்டிவிடும். இரண்டும் தனித்தனியாகப் படிந்த பிறகுதான் சமதரை.

எங்கள் ஊர் இலவம்பஞ்சு மெத்தைக்குப் பேர்போனது. ஒரு அப்பா ஆசையாக ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். விழுவதற்கு அது சுகம். கை ஊன்ற ஆகாது. பஞ்சில் உள்ளங்கை புதைந்து மணிக்கட்டு புரளும். அதனால் மெத்தை பக்கத்தில் கிடக்கும், கை கெட்டித் தரையில். அகர்தலாவில் பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களை வைத்துப் பயிற்சிப் பலகை செய்துதான் ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகரைத் தயார் செய்ததாகப் படித்திருக்கிறேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அந்தப் பெண் வால்ட்டில் நான்காவது, 0.15 புள்ளியில் வெண்கலம் போயிற்று. சாமான் இல்லை என்று யாராவது சலித்துக்கொண்டால் இதைச் சொல்லி வாயை அடைப்பேன்.

மிச்சம் பயம். பின்னால் போகும்போது தரை கண்ணுக்குத் தெரியாத ஒரு கணம் உண்டு. எட்டாவது படிக்கிற ஒருத்தி அந்தக் கணத்தில் முழங்கையை மடக்கிவிடுவாள். மடக்கினால் தலைதான் முதலில் தரையைத் தொடும். அவள் கீழ்முதுகுக்கு அடியில் ஒரு கை, தூக்கிய காலின் தொடைக்கு அடியில் மறு கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, “கைய மடக்காதத்தா, கையவே பாரு” என்பேன். கண் கையைத் தொடர்ந்தால் தரை தானே பார்வைக்கு வந்துவிடும்.

ஃப்ரண்ட் வாக்ஓவர் எளிது என்று நினைத்துப் பிள்ளைகள் அதற்குத்தான் அவசரப்படுவார்கள். பலருக்கு அதுதான் கஷ்டம். முதல் கால் கைக்குக் கிட்டே இறங்க வேண்டும், இடுப்பு முன்னால் போக வேண்டும், தலை கடைசியாக எழ வேண்டும். தலையை முந்தித் தூக்கினால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவார்கள். சுவரோரம் ஹேண்ட்ஸ்டாண்டில் நிதானமாக நிற்க வராத பிள்ளையை நான் அதில் இறக்குவதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும் சரி.