இருட்டுக் கடலின் குஞ்சுகள்

ஹவாயின் பெரிய தீவில், கோனா கரையைவிட்டுச் சில கிலோமீட்டர் போனாலே கடலின் ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடும். பொழுது சாய்ந்தபின் படகு அங்கே போய் இஞ்சினை நிறுத்திவிட்டு நீரோட்டத்தோடு மிதக்கிறது. படகிலிருந்து தொங்கும் எடை கட்டிய கயிறுகளோடு தங்களைப் பிணைத்துக்கொண்டு, ஸ்கூபா வீரர்கள் கீழே இறங்கிக் காத்திருக்கிறார்கள். காலுக்கடியில் தரை இல்லை, பக்கத்தில் பாறை இல்லை. டார்ச் வெளிச்சத்துக்குள் எது வந்து சேர்கிறதோ அதுதான் காட்சி. ‘பிளாக்வாட்டர் டைவிங்’ என்கிறார்கள் இதை.

வருபவற்றில் பல, வழக்கமான மீன் கையேடுகளில் இருப்பதில்லை. ஒன்றுக்குக் குடலே வயிற்றுக்கு வெளியே நீண்டு தொங்கும். இன்னொன்றின் துடுப்பு இழைகள் உடலைவிட நீளமாக அலைந்து, பார்ப்பவருக்கு ஜெல்லி மீனோ என்ற மயக்கத்தைத் தரும். உடல் முழுக்கக் கண்ணாடியாக, மறுபக்கம் தெரியும்படி இருப்பவையும் உண்டு.

பவளப்பாறைகளில் இரவு முக்குளிப்பவர்களுக்கும் அடையாளக் குழப்பம் வரும்தான். பகலில் நீலமாகத் திரியும் ஃபியூசிலியர் மீன்களுக்கு இரவானால் அடிவயிறு சிவந்துவிடும். கிளிமீன்களில் சில வகைகள் சளிப் படலம் ஒன்றைச் சுரந்து அதற்குள் உறங்கும். இரத்தம் உறிஞ்சும் சிறு ஒட்டுண்ணிகளை அந்தப் படலம் தடுக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். ஆனாலும் இவையெல்லாம் நிறமோ கோலமோ மாறிய தெரிந்த முகங்கள். வாய், கண், வால் ஆகியவற்றின் வடிவத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிவிடலாம்.

நடுக்கடலில் அந்த வழி செல்லாது. அங்கே வெளிச்சத்தில் தென்படும் மீன்களில் பெரும்பகுதி லார்வாக்கள், அதாவது குஞ்சுப் பருவத்தவை. பெற்றோரின் சாயல் அவற்றில் துளியும் இருக்க வேண்டியதில்லை. தரையில் படுத்துக் கிடக்கும் தட்டைமீன் குஞ்சாக இருக்கையில் பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்து நீந்துகிறது. பிறகுதான் ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கம் போய்ச் சேர்கிறது.

இந்த வேறுபாடு அறிஞர்களையே நெடுங்காலம் திணறடித்திருக்கிறது. ஒளி ஊடுருவும் இலை வடிவ மீன் ஒன்றை 18ஆம் நூற்றாண்டிலேயே ‘லெப்டோசெஃபாலஸ்’ என்று தனி இனமாகப் பதிந்துவைத்தார்கள். இத்தாலியின் கிராஸியும் கலாந்த்ருச்சோவும் 1890களில் அப்படி ஒன்றைத் தொட்டியில் வளர்த்து, அது விலாங்காக உருமாறுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அது ஐரோப்பிய விலாங்கின் குஞ்சு என்பது உறுதியானது.

திமிங்கிலமீன்களின் கதை இன்னும் வியப்பானது. ஆழ்கடலில் கிடைத்த இந்த மீன்களுக்கு 1895இல் ஒரு குடும்பப் பெயர் கிடைத்தது. மேல்நீரில் வாழும், நாடா போன்ற நீண்ட வாலுள்ள சிறு மீன்களை 1956இல் வேறு குடும்பமாக விவரித்தார்கள். பெரிய மூக்குள்ள ஆழ்கடல் மீன்கள் 1966இல் மூன்றாவது குடும்பமாயின. திமிங்கிலமீன்களாகக் கிடைத்தவை எல்லாம் பெண்கள், பெருமூக்கு மீன்கள் எல்லாம் ஆண்கள், நாடாவால் மீன்களில் ஒன்றுகூடப் பருவமடைந்ததில்லை! நாடாவால் மீனின் மரபணுவும் திமிங்கிலமீனின் மரபணுவும் ஏறத்தாழ ஒன்றே என்று 2003இல் ஜப்பானியர்கள் கண்டார்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் டேவிட் ஜான்சனும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் முடிச்சை முழுதாக அவிழ்த்தார்கள். மூன்றும் ஒரே குடும்பம்: குஞ்சு, ஆண், பெண். ஆணுக்கு வளர்ந்தபின் இரைப்பையே இல்லை. குஞ்சாக இருந்தபோது தின்று ஈரலில் சேர்த்ததைக் கொண்டே மிச்ச வாழ்நாளை ஓட்டுகிறது.

இப்படிப்பட்ட புதிர்களுக்குத்தான் இரவு முக்குளிப்பவர்களின் கேமரா உதவுகிறது. ஆய்வுக் கப்பல்களின் இழுவலையில் சிக்கும் குஞ்சுகளின் மெல்லிய இழைகள் அறுந்துபோகின்றன, நிறமும் வெளுத்துவிடுகிறது. ஃபார்மலினில் போட்டால் மரபணுவும் சிதைகிறது. ஸ்மித்சோனியனின் ஐ நொனாகா, ஜான்சன் முதலானோரும் கோனாவின் முக்குளிப்பாளர் ஜெஃப் மிலிசனும் 2021இல் வெளியிட்ட கட்டுரை வேறொரு வழியைக் காட்டியது. குஞ்சை உயிரோடு படமெடுத்து, அதையே கையால் பிடித்து, ஆல்கஹாலில் பாதுகாத்து மரபணுவைப் படிப்பது. படமும் உடலும் பெயரும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அழகான உயிரைப் பிடிப்பதா என்று மனம் தயங்குவது இயல்பே. ஆனால் வலை அள்ளிச் சிதைப்பதோடு ஒப்பிட்டால், கவனமாக எடுத்த ஒரு குஞ்சு எவ்வளவோ கூடுதலாகச் சொல்கிறது.

பிடிக்க அனுமதியோ வசதியோ இல்லாதவர்களின் படமும் வீணாகாது. துடுப்புகள் உருவானபின் அவற்றிலுள்ள கதிர்களின் எண்ணிக்கை, குஞ்சு பெரிதான பிறகும் பெரும்பாலும் மாறுவதில்லை. நிபுணர்கள் முதலில் தேடுவது அதைத்தான். எனவே மீன் கேமராவை நேருக்கு நேர் முறைக்கும் படத்தைவிட, துடுப்புகள் விரிந்த நிலையில் பக்கவாட்டில் எடுத்த படமே பயன்படும். இடம், தேதி, நேரம், ஆழம், மீனின் உத்தேச நீளம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இத்தனை இருந்தும் பல குஞ்சுகளைக் குடும்பம் வரைக்குமே சொல்ல முடியும். அதற்குமேல் ஊகித்து ஒரு பெயரை ஒட்டிவிட்டால், அடுத்து அதே மீனைப் பார்ப்பவரும் அந்தத் தவறான பெயரையே எடுத்து எழுதுவார்.